உமிக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

தேங்காய்ச் சிரட்டை எரியும்போது நெருப்பு சிரட்டையில் ஒட்டி நிற்பதில்லை, ஒரு விரற்கடை மேலே நின்று ஆடுகிறது. ஜெயரூபி இதைக் கண்ட நாளிலிருந்து பாலையூற்றில் அவளுடைய வீட்டுக்கு நிம்மதி இல்லை. இடையில் இருப்பது என்ன? காற்றுப் படாமல் சூடாக்கினால் சிரட்டையும் உமியும் கருகி, எரியக்கூடிய வாயுவைக் கக்கும் என்று கைபேசியில் பார்த்தாள். அவ்வளவுதான், மனுஷிக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

புருசன் வீரசிங்கத்துக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. அவருடைய பெண்சாதி உமியில் காஸ் எடுக்கிறாளாம் என்று அயலெல்லாம் சிரிப்பு. பின்வளவில் நின்ற இரும்புப் பீப்பா மழைத்தண்ணீர் பிடிக்க அவர் வாங்கியது. மூன்று தரம் பார்க்கலாம், மூன்றாம் தரமும் பற்றாவிட்டால் பீப்பா தண்ணீருக்கு என்று பேச்சு. முதல் தரம் மூடியால் புகை கசிந்தது. இரண்டாம் தரம் குழாயைத் தார் அடைத்தது.

இன்று மூன்றாம் தரம். நேற்றே நிரப்பி வைத்த காய்ந்த உமியைத் திறந்து பாராமல், மூடிக்குக் களிமண் பூசி, கீழே சிரட்டைகளை மூட்டினாள். பீப்பாவிலிருந்து வந்த குழாய் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் இறங்கி, ஏறி, குசினி அடுப்புக்குப் போனது. அரை மணித்தியாலம் கழித்து நெருப்புக்குச்சியை நீட்டினாள். அணைந்தது. ஆறாவது குச்சியும் அணைந்தது. போத்தல் சுட்டது, அடுப்பில் வெள்ளை ஆவிதான் வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பீப்பா கிடைக்கப்போகிற வீரசிங்கமோ சிரிக்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஜெயரூபி குனிந்து ஆவியை மோந்து பார்த்தாள். மஞ்சள் மணம். உமியில் எப்படி மஞ்சள்? திரும்பி அவருடைய விரல்களைப் பார்த்தாள். அவையும் மஞ்சள்.

"விடிய முழுகிப்போட்டு மஞ்சள் தண்ணி தெளிச்சனான்," என்றார் அவர். "வேலையிடத்தில புது எஞ்சின் வந்தா நாங்கள் அப்பிடித்தானே செய்யிறது. பீப்பா பெரிசெண்டு மூடியைத் திறந்து உமிக்கு மேல அரை வாளி ஊத்திப்போட்டன். உமக்கு இண்டைக்குக் காஸ் வரோணும் எண்டு நினைச்சன்."

இந்த மனுஷன் தன் தோல்விக்குக் காத்திருக்கிறார் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கோபப்பட வாயைத் திறந்தவளுக்குக் கேள்விதான் வந்தது. தண்ணீர்தான் தடையென்றால், அது ஆவியாகி முடிய வேண்டியதுதானே?

"அப்ப முடியட்டும். சிரட்டை கொண்டுவாங்கோ."

அதுவரை ஒரு சிரட்டைகூட எடுத்துத் தராதவர் ஓலைக் கடகம் கடகமாகச் சுமந்தார். ஒரு மணித்தியாலம் போனது. மஞ்சள் மணம் குறைந்து, மூக்கை அரிக்கும் கரிப்புகை மணம் வந்தது. போத்தலில் குமிழிகள் கொப்பளித்தன. ஜெயரூபி குச்சியை நீட்டினாள்.

பக்கென்று பற்றிய சுவாலை அணையவில்லை. அடுப்பிலிருந்து ஒரு விரற்கடை மேலே நின்று ஆடியது. வீரசிங்கம் கேத்திலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"அடுத்த முறை வெளியில மட்டும் தெளியுங்கோ," என்றாள்.

"அடுத்த முறையும் இருக்கோ?"

"ஓம். மழைத்தண்ணிக்கு வேற பீப்பா பாருங்கோ."