நாராயணம்மாவின் பழைய கிருமி

என் மேசையில் கிடந்த அந்தத் தாளைக் கிழித்துப் போடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் நான் மைக்ரோபயாலஜிஸ்ட். பெயர் பொற்கொடி. பதினாறு வருடமாக ஊரார் மலத்தையும் ரத்தத்தையும் தட்டில் வளர்த்துப் பார்க்கிறேன். ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. அந்தத் தாளைப் பார்த்தால் வந்தது.

அனுப்பியவர் சுபாஷ், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். மத்திகிரியில் அவர்கள் நடத்தும் பெண்கள் ஹாஸ்டலில் ஏழு பேருக்கு டைபாய்டு. கம்பெனியில் ஒரு போல்ட் உடைந்தாலும் ஒரு படிவம் நிரப்புவார்கள். ஏன் உடைந்தது, அது ஏன், அதற்கு ஏன் என்று வரிசையாக ஐந்து ஏன். கடைசியில் மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்று நான்கு கட்டம். காரணம் எதில் விழுகிறதோ அதில் டிக். பதினான்கு நாளுக்குள் கோப்பை மூடியாக வேண்டும். போல்ட்டுக்குச் சரி. இந்த மனிதர் டைபாய்டுக்கும் அதையே நிரப்பி, 'மேன்' கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் 'நாராயணம்மா, சமையல்' என்றும், 'நடவடிக்கை: நீக்கம்' என்றும் எழுதி, என் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார்.

நாராயணம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வேப்பனப்பள்ளிப் பக்கம். ஒன்பது வருடமாக ஹாஸ்டலில் சமைக்கிறார். வீட்டுக்காரர் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை. சமையலறை ஆட்கள் ஆறு பேரையும் சோதித்ததில் அவரிடம் மட்டும் டைபாய்டு கிருமி வளர்ந்தது. வளர்த்தவள் நான்தான். 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தவளும் நான்தான். சுபாஷ் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்த கோபம்.

காய்ச்சல் வந்து குணமான சிலருக்குப் பித்தப்பையில் அந்தக் கிருமி குடக்கூலி இல்லாமல் தங்கிவிடும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்களால் மற்றவர்களுக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். இதைப் போனில் சுபாஷிடம் சொன்னேன்.

"வரலாம்னா வந்துருச்சுன்னு எடுத்துக்கலாம்ல மேடம்?" என்றார்.

"எடுத்துக்க முடியாது சார். தண்ணி சாம்பிள் அனுப்புங்க."

அனுப்பினார். அதில் ஒன்றுமே வளரவில்லை. மூடியைத் திறந்தபோதே பிளீச்சிங் பவுடர் மூக்கில் ஏறியது. விசாரித்தால், சாம்பிள் எடுக்க ஆள் வருகிறார் என்றதும் முதல் நாளே தொட்டியைக் கழுவி, மருந்து போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்களாம். ஆடிட்டர் வந்தால் அப்படித்தானே செய்வோம் மேடம் என்கிறார் சுபாஷ், பெருமையாக. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

மிச்சம் இருந்தது கிருமிதான். என்னோடு படித்த நிர்மலா பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி லேபில் இருக்கிறாள். குடல் கிருமிகளின் ஜீனோமை, அதாவது முழு மரபணு வரிசையை, எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் அவள் வேலை. ஏழு பெண்களின் கிருமிகளையும், நாராயணம்மாவின் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்த கிருமிக் கூட்டங்களில், அதாவது காலனிகளில், நான்கையும் அவளுக்கு அனுப்பினேன். அடுத்த பத்து நாளும் காலை ஒன்பதரைக்கு சுபாஷ் போன் செய்தார். ரிப்போர்ட் வந்ததா என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே போய்விட்டேன். ஏ.சி. அறை, கண்ணாடி மேசை, நடுவில் அந்தப் படிவம்.

"கிருமி பெருகுறப்போ தன் ஜீனோமைப் பாத்துப் பாத்து காப்பியடிக்கும் சார்," என்றேன். "ஒண்ணு ரெண்டு வருசத்துக்கு ஒரு எழுத்தாவது தப்பாயிடும். பரீட்சையில காப்பியடிச்ச பசங்களை வாத்தியார் எப்படிப் பிடிப்பார்? எல்லாரும் ஒரே எடத்துல ஒரே தப்பு பண்ணிருப்பாங்க. இந்த ஏழு பொண்ணுங்களோட கிருமியும் அப்படி. ஒரே கிருமி, புதுசு. நாலஞ்சு மருந்துக்கு மசியாத ஜீனும் எங்கிருந்தோ வாங்கி வச்சிருக்கு. அந்தம்மாவோடது வேற குடும்பம். நூறு எழுத்துக்கு மேல வித்தியாசம். அந்த மருந்துல எதையுமே தாங்க அதுக்குத் தெரியாது, அவ்ளோ பழசு. அது அங்கிருந்து இங்க வந்திருக்கவே முடியாது."

சுபாஷ் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

"சிம்பிளா சொல்லுங்க மேடம். அந்தம்மா வயித்துல கிருமி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"இவங்க ஏழு பேருக்கும் டைபாய்டுதான?"

"ஆமா."

"அப்புறம் என்ன மேடம்."

இப்படி ஒரு ஆளிடம் ஜீனோமைப் பற்றிப் பேசியதற்குப் பதிலாகச் சுவரிடம் பேசியிருந்தால் தொண்டையாவது மிஞ்சியிருக்கும். "உங்க ஃபேக்டரில எல்லார் கையிலயும் ஸ்பேனர் இருக்கு," என்றேன். "ஒருத்தன் மண்டை உடைஞ்சா, ஸ்பேனர் வச்சிருக்கிற முதல் ஆளை வேலையை விட்டு அனுப்புவீங்களா? ஆதாரம் இல்லாம நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். அந்தம்மாவை அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா இந்த ரிப்போர்ட்டையும் படிவத்தோட சேத்துப் பின் அடிக்கணும். ரெண்டையும் படிச்சுட்டு உங்க கஸ்டமரோட ஆடிட்டர் கேக்கறப்ப நீங்களே பதில் சொல்லுங்க."

ஆடிட்டர் என்ற சொல்லுக்கு மட்டும் அவர் முகம் மாறியது. என் பதினாறு வருட அனுபவத்துக்கு மாறாத முகம். 'மேன்' கட்டத்து டிக்கைக் கோடிட்டு அழித்துவிட்டு 'மெட்டீரியல்' கட்டத்தில் புது டிக் போட்டு, பக்கத்தில் 'தண்ணீர்' என்று எழுதினார். அதன் பிறகுதான் ஆள் வைத்துத் தோண்டினார்கள். தொட்டிக்குப் போகும் குழாய் சாக்கடைக்குள் நான்கடி ஓடி, இணைப்பில் விட்டுப் போயிருந்தது. முதல் நாளே தோண்டியிருக்கலாம்.

நாராயணம்மாவின் வேலை தப்பியது. இருபத்தெட்டு நாள் மாத்திரை. பழைய கிருமி என்பதால் சாதாரண மாத்திரைக்கே சாகும். மூன்று சோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை ஹாஸ்டலில் துணி, படுக்கைப் பொறுப்பு. பிறகு சமையலறை. இதை சுபாஷின் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். ஜெயித்த திமிரோடு, ஞாயிற்றுக்கிழமை காலை நாராயணம்மாவின் வாடகை வீட்டுக்கு நானே போனேன். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லி அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க ஆசை.

ஒற்றை அறை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சொன்னதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் புள்ளைங்களுக்கு என்னால வரல, அப்டித்தான கண்ணு?"

"உங்களால இல்லக்கா. உங்களுதே வேற கிருமி. ரொம்பப் பழசு."

"பழசுன்னா எத்தினி வருசம்?"

ரிப்போர்ட்டைப் பிரித்தேன். நான்கு காலனிகளுக்குள்ளேயே ஒன்பது எழுத்து வித்தியாசம். அவர் உடம்புக்குள்ளேயே அது அத்தனை காலம் பெருகிப் பிரிந்திருக்கிறது. "பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும்க்கா," என்றேன், என்னவோ கெட்டிக்காரத்தனமாக. "அப்ப உங்களுக்குப் பெரிய காய்ச்சல் ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார். "எனக்கு நல்லாயிட்டுது. பாப்பாவுக்குத்தான் ஆவல."

அவருக்கு ஒரு மகள் இருந்ததே எனக்குத் தெரியாது. தர்ஷினி. எட்டு வயது. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

"யாருக்கு முன்னாடி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். தொழில் புத்தி. கேட்ட மறு நொடி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எனக்குத்தான். நான் எந்திரிச்சு சமைக்க ஆரம்பிச்சு ரெண்டு வாரம் இருக்கும், அவளுக்கு உடம்பு சுட்டுது. பிசைஞ்சு ஊட்டுனாத்தான் சாப்புடுவா." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப என்கிட்டருந்துதான் போச்சா கண்ணு?"

ஒருவரிடமிருந்து போய் இன்னொருவருக்குக் காய்ச்சலாகத் தெரிய டைபாய்டுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். லேபில் சேர்ந்த புதுப் பெண்ணுக்குக்கூட அது தெரியும். பத்துப் பக்க ரிப்போர்ட்டில் எட்டுப் பேரின் கிருமிகள் எழுத்துவாரியாக இருந்தன. அந்தக் குழந்தையுடையது எங்கும் இல்லை, இனிமேல் கிடைக்கவும் கிடைக்காது. ஆமாம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

"இல்லக்கா," என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணியிலருந்துதான் வந்திருக்கு. உங்களுக்கு முன்னாடி தெரிஞ்சுது, அவளுக்குப் பின்னாடி தெரிஞ்சுது. அவ்ளோதான்."

"பேப்பர்ல அப்டிப் போட்டிருக்குதா?"

"போட்டிருக்கு."

ரிப்போர்ட்டை என் மடியிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினார். "எந்த எடத்துல?"

எல்லாம் ஆங்கிலம். பக்கங்களைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். பெங்களூர் லேபின் முகவரி அது. நான் விரலை எடுத்த இடத்தில் அவர் தன் விரலை வைத்து, வரியின் கடைசிவரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.