லீவு நாள் நாற்றம்

சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டுமே என்று மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கை அதில் துளியூண்டு கலப்பார்கள். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் மூக்கைத் துளைக்கும். வாயு நிரப்பும் ஆலையில் அதைக் கலப்பதுதான் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தவரின் வேலை. தெருவே அவருக்கு 'நாத்தக்காரர்' என்று பெயர் வைத்திருந்தது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஊர் உயிரைக் காக்கிற நாற்றம் என்று பெருமை வேறு.

பெருமை இருந்த அளவுக்குச் சுறுசுறுப்பு இல்லை. ஆலையில் குளியலறை உண்டு. அங்கே வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுவார். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஆரம்பத்தில் கசிவென்று பயந்து சிலிண்டர் கடைக்காரரை ஓட ஓட வரவழைத்தார். போகப்போக, எல்லாம் மாடிவீட்டு ஆள்தான் என்று புரிந்து ஜன்னலை மட்டும் அறைந்து சாத்தினார். கடைசியில், மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இதே காரணத்துக்காக வீடு வீடாக மூட்டை கட்டி அலுத்திருந்த மனைவி, இன்னொரு முறை மாறினால் தான் அம்மா வீட்டுக்கே மாறிவிடுவதாகச் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

அவருக்கோ எந்த நாற்றமும் தெரியாது. மெர்காப்டனோடு குடித்தனம் நடத்தி மூக்கு மரத்துப்போயிருந்தது.

அந்த வாரம் முதுகுப் பிடிப்பு என்று லீவில் படுத்திருந்தார். மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்காரம்மா படிக்கட்டின் கீழே வந்து நின்றார்.

"என்னப்பா இது, இன்னிக்கு உன் நாத்தம் குடலைப் புரட்டுது. அடுப்படியில நிக்க முடியல. இரு, ஃபேனைப் போட்டுட்டு வந்து பேசறேன்."

வழக்கம்போல மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார். வாரம் முழுக்க ஆலைப் பக்கமே போகவில்லை. தினமும் குளியல், துவைத்த துணி. தன்மேல் நாற்றம் இருக்க வழியே இல்லையே!

"அம்மா, சுவிட்சைத் தொடாதீங்க. அது நான் இல்ல!"

முதுகுப் பிடிப்பு போன இடம் தெரியவில்லை. படிகளைத் தாவி அடுப்படிக்குள் பாய்ந்தபோது அந்த அம்மாவின் விரல் சுவிட்சுக்கு அருகில் இருந்தது. கையைத் தட்டிவிட்டார், சிலிண்டரை மூடினார், ஜன்னல் கதவுகளைத் திறந்துபோட்டு அவரை வெளியே இழுத்துவந்தார். ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது.

வீட்டுக்காரம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வீட்டைக் காலி பண்ண வேணாம். ஆனா இனிமே அங்கயே குளிச்சு, வேற சட்டை போட்டுக்கிட்டு வா. நாத்தம் வந்தா, வந்திருக்கிறது நீயா எமனான்னு நான் யோசிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

சரிங்கம்மா என்றார். கசிவென்றால் அந்த அம்மாவுக்கு இருந்த பயத்தை, தினம் தினம் நாற்றச் சட்டையோடு வந்து போக்கடித்தது தானேதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.