பச்சைச் சாயம் வைத்த ஸ்க்ரூ

பதினெட்டாயிரத்து நானூறு. என் சகலை எங்கள் கடைக்குத் தர வேண்டிய பாக்கி அது.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். நான் வண்டிகளுக்குப் பாட்டு செட் மாட்டும் கடையில் வேலை செய்கிறேன். அவன் வேனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு சப்-ஊஃபர் பெட்டி, கதவுகளுக்கு நாலு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்தேன். பாதிப் பணம் வந்தது. மீதிக்கு நான் பொறுப்பு என்று முதலாளியிடம் சொன்னது என் வாய்தான். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

மீதி வரவில்லை. இந்த மாதச் சம்பளத்துக்குள் பணம் வராவிட்டால் உன் சம்பளத்தில் பிடிப்பேன், அதுவும் பற்றாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேறு இடம் எங்கே இருக்கிறது? சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் படுத்து முதுகு போன ஆளை எந்தக் கடை சேர்த்துக்கொள்ளும்?

சகலை சொன்ன காரணம், செட்டில் பேஸ் இல்லை என்பது. பாட்டுப் போட்டால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுவது மாதிரி இருக்கிறதாம். சுற்றுலாவுக்கு வேன் பிடித்த காலேஜ் பையன்கள் பாதி வழியிலேயே கேலி செய்து, திரும்பும்போது வேறு வேனில் ஏறிப் போய்விட்டார்களாம். ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று சொல்லி சகலை என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. மாமியாரிடம் போய், கொடுக்க மனசில்லாதவன் பேஸ் இல்லை என்கிறான், அவன் ஏமாற்றுக்காரன், உங்கள் சின்ன மகளைத் தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்று சொன்னேன். நான் வீடு திரும்புவதற்குள் அது அவன் காதுக்குப் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் இந்த மாதிரி சேதி போவதற்கு வயரே தேவையில்லை.

பணத்தைக் கொண்டு வா, இல்லை பொருளைக் கழற்றிக்கொண்டு வா என்று முதலாளி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

வேன் அவன் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. அவன் குந்தி உட்கார்ந்து சக்கரம் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கொழுந்தியாள் வாசலுக்கு வந்து, வாங்க மாமா என்றாள். தண்ணீர் கொண்டு வரட்டுமா என்கிற மாதிரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன தெரிந்ததோ, கொண்டு வரவில்லை.

"செட்ட கழட்ட வந்தீங்களா சகலை? கழட்டுங்க. சும்மா எடைக்கு எடை இரும்பு சுமந்துட்டு இருக்கேன், டீசலாவது மிச்சமாகும்" என்றான்.

என்னைவிட வயதில் சின்னவன். 'ங்க' போடுவதை அவன் ஒரு நாளும் விட்டதில்லை. அந்த மரியாதையில்தான் விஷத்தைத் தடவி வைத்திருப்பான்.

நான் வேனுக்குள் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு சொட்டுப் பச்சைச் சாயம் வைப்போம். பிறகு யாராவது திருகினால் சாயம் உடைந்துவிடும். சாயம் உடைந்தால் எங்கள் பொறுப்பு இல்லை, கேரண்டி போச்சு. ஆம்ப்ளிஃபயரில் கெய்ன் திருகும் இடத்தில் சாயம் சுரண்டப்பட்டிருந்தது. கெய்ன் கடைசி வரைக்கும் திருகி இருந்தது.

கொழுந்தியாளைக் கூப்பிட்டேன். அவளுக்கும் தெரியட்டும் என்றுதான். "இங்க வந்து பாரும்மா. இது என் சாயம். இத சொரண்டினது யாரு?"

சத்தம் பத்தவில்லை, கூட்டினேன், பணம் கொடுத்தவன் கூட்டக்கூடாதா என்று கேட்டான் அவன்.

"நீ குடுத்தது பாதிப் பணம். அது வால்யூமும் இல்ல, கெய்ன்."

கெய்ன் என்பது சத்தம் கூட்டுகிற குமிழ் அல்ல. முன்னால் இருக்கும் பாட்டுப் போடும் டெக்கிலிருந்து சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறதோ, அதற்குத் தக்கபடி ஆம்ப்ளிஃபயரை இசைத்து வைக்கும் இடம். ஒரு தடவை அளந்து வைத்தால் பிறகு தொடவே கூடாது. அளவுக்கு மேல் திருகினால் பாட்டின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டு வரும். அதற்குப் பெயர் கிளிப்பிங். ஸ்பீக்கருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளைத் தீய்ப்பது அதிகச் சத்தம் இல்லை, இப்படி வெட்டுப்பட்ட சத்தம்தான். இதை எல்லாம் நான் அவனுக்குச் சொன்ன விதம் வேறு. மூளைக்கும் கெய்ன் இருந்தால் உனக்கு அதையும் கூட்டி விடலாம் என்றேன்.

அவன் எழுந்து போய் ஆம்ப்ளிஃபயர் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்த பக்கத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினான். எங்கே அந்த ஆயிரத்து இருநூறு, எடுத்து என் கையில் கொடுங்கள் என்றான்.

"அது ஒரு மூட்டைய ஒரு தடவ தூக்கிட்டு தொப்புனு கீழ போடுற கணக்கு. கீழ சின்னதா ஆர்எம்எஸ் முந்நூறுனு போட்டிருக்கு பாரு. அதுதான் நாள் முழுக்க சுமக்கிற கணக்கு. மூட்ட சுமந்தவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்."

"விக்கும்போது பெரிய எழுத்த படிச்சீங்க. காசு கேக்கும்போது சின்ன எழுத்த படிக்கிறீங்க. முப்பது வயசுக்கு மேல எழுத்துக்கூட்ட கத்துக்கிட்டவரு இல்லையா, பெரிய எழுத்துதான் மொதல்ல வந்திருக்கும்."

கொழுந்தியாள் சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாள். மூடியதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

கழற்றி எடுத்துக்கொண்டு அப்போதே போயிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்போடு என்னால் இறங்க முடியவில்லை. இவன்தான் கெடுத்தான் என்று இவன் பெண்டாட்டிக்கு முன்னாலேயே காட்டிவிட்டுத்தான் கழற்றுவேன் என்று முடிவு செய்தேன். கெய்னைப் பழைய இடத்துக்கே திருகி வைத்து, பாட்டைப் போடச் சொன்னேன்.

அவன் சொன்னது சரிதான், தகர டப்பா மாதிரிதான் இருந்தது. கிராஸ்ஓவரைப் பார்த்தேன். கனத்த சத்தத்தைச் சப்-ஊஃபருக்கும் மெல்லிய சத்தத்தைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது அது. நான் வைத்த இடத்தில், சாயம் கலையாமல் இருந்தது. அப்படியென்றால் கனத்த சத்தம் பெட்டிகளுக்குப் போகிறது. பெட்டிகளும் ஊமையில்லை. முன் பெட்டியில் ஒரு கையும் பின் பெட்டியில் ஒரு கையும் வைத்துப் பார்த்தேன், இரண்டும் உதறின. இரண்டும் உதறியும் நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. இது ஃபேஸ் கோளாறு.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன் நின்று ஒரே நேரத்தில் தள்ளினால் கட்டில் நகராது. இரண்டு பேரும் வியர்த்துக் கொட்டுவார்கள், அவ்வளவுதான். அதே மாதிரி ஒரு ஸ்பீக்கர் காற்றை வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் பேஸ் செத்துப்போகும். பிளஸ்ஸும் மைனஸும் எங்கேயோ மாறியிருந்தால்தான் அப்படி நடக்கும். சாயத்தைச் சுரண்டிக் கெய்னில் கை வைத்தவன் வயரிலும் கை வைத்திருக்கிறான். எனக்கு மனசு குளிர்ந்தது.

ஆம்ப்ளிஃபயர் பக்கம் பார்த்தேன். அங்கே நிறங்கள் சரியாக இருந்தன. பெட்டிகளுக்குப் போகும் வயர்களை அங்கிருந்து கழற்றினேன். டார்ச் லைட்டிலிருந்து ஒரு செல்லை உருவினேன். வயர் முனைகளைச் செல்லில் தொட வைத்தால் ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் கறுப்புக் கூம்பு, நாங்கள் கோன் என்போம், ஒரு துடி துடிக்கும். சிவப்பு வயர் செல்லின் தலையிலும் கறுப்பு வயர் அடியிலும் பட்டால் அது வெளியேதான் வர வேண்டும்.

பெட்டிக்கு முன்னால் கொழுந்தியாளை உட்கார வைத்தேன். "நல்லா பாத்துக்க. வெளிய வந்தா சரி. உள்ள போச்சுன்னா வயர மாத்தினவன் ஒரு மடையன்னு அர்த்தம். அந்த மடையன் நான் இல்ல."

சகலை கதவில் சாய்ந்துகொண்டு, செய்யுங்க செய்யுங்க என்றான்.

முன் பெட்டி. தொட்டேன். வெளியே வருது மாமா என்றாள். பின் பெட்டி. தொட்டேன். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தொட்டேன்.

"உள்ள போகுது மாமா."

பார்த்தாயா உன் புருஷன் வேலையை என்று சொல்லிக்கொண்டே பின் சீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனேன். முதுகு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. மாற்றி முடுக்கின வயரை அவள் கண் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது. பெட்டியின் முதுகைத் திருப்பினேன்.

சிவப்பில் சிவப்பு. கறுப்பில் கறுப்பு. இரண்டு ஸ்க்ரூவின் தலையிலும் பச்சைச் சாயம், நான் வைத்த மாதிரியே முழுசாக.

எனக்குப் பக்கத்தில் ஒரு தலை நுழைந்தது. அவன் நிதானமாகப் பார்த்தான்.

"சாயம் அப்படியே இருக்கே சகலை."

பெட்டியை வெளியே இழுத்துப் போட்டு ஸ்பீக்கரைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு வயரை மைனஸில் பற்றவைத்திருந்தார்கள். எங்கள் கடைப் பெட்டி அது. கடைத் தச்சர் அடித்து, கடையிலேயே வயர் வைத்தது. வெளியிலிருந்து வாங்கும் பெட்டி என்றால் மாட்டுவதற்கு முன்னால் செல் தொட்டுப் பார்ப்போம். நம்ம பெட்டிக்கு எதற்கு, நேரம் வீண் என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார். நானும் பார்க்காமலே மாட்டினேன். மாட்டிவிட்டு, பேஸ் இல்லை என்று சொன்னவனைப் ஏமாற்றுக்காரன் என்று மாமியார் வரைக்கும் போய்ச் சொன்னேன்.

"அந்த மடையன் யாருன்னு இப்ப உங்க கொழுந்தியாகிட்ட சொல்லுங்க" என்றான்.

வயரை மாற்றினேன், ஸ்பீக்கரை முடுக்கினேன், பெட்டியை உள்ளே தள்ளினேன். பாட்டைப் போட்டதும் வேனின் கண்ணாடிகள் அதிர்ந்தன. எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சுக்குள் யாரோ குத்துகிற மாதிரி பேஸ். கெய்ன் நான் வைத்த இடத்தில் இருக்கும்போதே இவ்வளவும் வந்தது. அதைச் சொல்லிக் காட்ட ஆசைதான், கருவிகளைப் பையில் போட்டேன்.

அவன் பாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனான். வெளியே வரும்போது ஒரு கையில் பணம் சுற்றிய பிளாஸ்டிக் கவர், இன்னொரு கையில் போன்.

"பணம் எப்பவோ எடுத்து வெச்சாச்சு. பேஸ் வரட்டும்னு இருந்தேன். வந்துடுச்சு. இப்ப நீங்க குடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அத்தைகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்களோ, அத திரும்ப எடுத்துக்குங்க. என் முன்னாடி."

நான் அந்தக் கவரைப் பார்த்தேன். செட்டைக் கழற்றிக்கொண்டு போகவும் வழியில்லை, நல்லா வேலை செய்கிற செட்டை எந்த நியாயத்தில் கழற்றுவது? வெறும் கையோடு போனால் சம்பளம் போகும், பின்னாலேயே வேலையும் போகும். வீட்டில் என் மனைவியிடம் என்ன சொல்வேன்? போடு என்றேன்.

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் படியில் வைத்தான். கொழுந்தியாள் அங்கிருந்து நகரவில்லை.

"அத்தை, நாந்தான். சின்ன மாப்பிள்ள சொன்னதுதான் சரி. செட்டுல பேஸ் இல்லாமத்தான் இருந்திருக்கு. பெட்டிக்குள்ள வயர் மாறிக் கெடந்துச்சு, நான் பாக்காம மாட்டிட்டேன். அவர ஏமாத்துக்காரன்னு சொன்னது என் தப்பு."

மாமியார் பேஸ் என்றால் என்ன என்று கேட்டார். அடியிலிருந்து கனமாக வருகிற சத்தம் அத்தை என்றேன்.

"சரி. அப்ப தெரியாம குடுத்துட்டீங்கன்னு அன்னைக்கு சொன்னீங்களே மாப்பிள்ள, அது என் எந்தப் பொண்ண பத்தி?"

சகலை வேனைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நான் போனை அணைத்தேன். அவன் கவரை என் கையில் வைத்து, எண்ணிக்கொள்ளுங்கள், சின்ன எழுத்து எதுவும் இல்லை என்றான். நான் எண்ணவில்லை. இனிமேல் வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் வேறு கடைக்குப் போய்க்கொள்கிறேன் என்றும் சொன்னான். போ என்றேன். அன்று நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

நேராகக் கடைக்குப் போய்ப் பணத்தைக் கல்லாவில் வைத்தேன். பெட்டிக்குள் வயர் மாறியிருந்ததைச் சொன்னேன். மாட்டுகிறவன்தான் பார்த்து மாட்ட வேண்டும் என்றார் முதலாளி, நோட்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல். செல் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று சொன்னது நீங்கள் என்றேன். கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். மெல்லப் பேசு என்று பல்லைக் கடித்தார் முதலாளி. அவர் எண்ணி முடித்து, சரியாக இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றார்.

நான் நகரவில்லை. ரசீது வேண்டும் என்றேன். உனக்கு எதற்கு ரசீது என்றார். வேண்டும் என்றேன். கிறுக்கிக் கொடுத்தார். அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். தொகை இருந்தது, தேதி இருந்தது.

"பாக்கி முழுசும் தீர்ந்ததுன்னு எழுதுங்க மொதலாளி."

வாடிக்கையாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி என் கையிலிருந்து ரசீதைப் பிடுங்கி, பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.