டைலர் முனியம்மாளின் படம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒலக்கூர்ப் பக்கம் தன் குடிசை எரிந்த மறுநாள், முனியம்மாள் சாம்பலுக்கு நடுவில் தலைவிரிகோலமாக நின்றிருந்தாள். மிஷன்காரர்கள் ஜீப்பில் வந்து அரிசி கொடுத்தார்கள். கொடுத்த கையோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். எடுக்கலாமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

அந்தப் படம் மிஷனின் செய்திமடலில் அச்சாகி, கடல் தாண்டி, உதவி அனுப்புகிற புண்ணியவான்களின் வீடுகளுக்கெல்லாம் போனது. முனியம்மாளோ திண்டிவனத்தில் மிஷன் நடத்திய தையல் வகுப்பில் சேர்ந்து, வருகிறவர்கள் எல்லாம் அவள் தைத்த ரவிக்கையைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். இனி அவளுக்கென்று ஒரு தையல் மிஷின் வந்தால் போதும், பிழைத்துக்கொள்வாள். செய்திமடலில் யார் கதை வருகிறதோ அவர்களுக்குத்தான் மிஷின் வரும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் கதை.

விழுப்புரம் மிஷன் ஆபீஸிலிருந்து துரைக்கண்ணு தையல் வகுப்புக்கு வந்திறங்கினார். செய்திமடலை எழுதுவது, திருத்துவது, அச்சாபீஸுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர்தான். வெளிநாட்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. படங்கள் இருட்டாக இருக்கின்றன, முகமே தெரியவில்லை, நல்ல படமாக அனுப்புங்கள் என்று. அதற்காகவே கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த சனாவுல்லாவை அழைத்து வந்திருந்தார். வந்த காரியத்தை விட்டுவிட்டு, வாசலில் மிஷன் பெயர்ப்பலகை பக்கத்தில் தான் நிற்பதை முதலில் மூன்று படம் எடுக்கச் சொன்னார். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்!

பிறகு முனியம்மாளின் முறை. தானே தைத்த அரக்கு ரவிக்கை, தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு. மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு படம் ஆயிற்று.

“இது உதவிக்குப் ‘பின்பு’. இப்ப ‘முன்பு’ எடுத்துடலாம்,” என்றார் துரைக்கண்ணு.

“அதான் அப்பவே எடுத்துக்கினு போனீங்களே சார்?”

“அது கருப்பா அப்பிக்கிச்சும்மா. கரிக்கட்டை மாதிரி இருக்குது. பூவ எடுத்துட்டு தலைய அவுத்து விட்டுக்கோ. பின்னாடி முள்வேலி ஓரமா போயி குந்திக்கோ. கொஞ்சம் அழுதாப்புல இருக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்து, பண்டிகைக்குக் கொடுக்க வைத்திருந்த நூல் புடவை ஒன்றை உருவினார். மடிப்புக் கலையாத புதுப் புடவை. ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று முழ நீளத்துக்குக் கிழித்தார்.

அந்தச் சத்தம் கேட்டதும் முனியம்மாள் மிஷினை விட்டு எழுந்துவிட்டாள். ஒரு பிட்டுத் துணி வீணானால்கூட மனசு ஆறாத பெண் அவள். ஆனால் கோபம் துணிக்காக மட்டும் இல்லை. அன்றைக்கு அவள் அழுதது நிஜம். குடிசைக்குள் கட்டியிருந்த கன்றுக்குட்டி கத்தக் கத்த வெந்துபோனதற்காக அழுதாள். அதை முள்வேலி ஓரத்தில் உட்கார்ந்து மறுபடி அழுது காட்டச் சொல்கிறான் மனுஷன், கையில் கிழிந்த புடவையோடு!

“நான் கட்டமாட்டேன் சார்.”

“இன்னாம்மா பேஜாரு பண்றே? ஒரே நிமிஷம். மிஷின் வேணாவா உனக்கு?”

“வேணும். ராத்திரி பகலா அதைத்தான் நெனைச்சுக்கினு இருக்கேன். அதுக்காவ இல்லாத கிழிசல கட்டிக்கினு குந்துவேனா? கிழிஞ்ச புடவையோட படம் வேணும்னா, கிழிச்சவங்க கட்டிக்கினு நில்லுங்க.”

கூட இருந்த பெண்கள் மிஷினை மிதிப்பதை நிறுத்தினார்கள். துரைக்கண்ணுவின் காது சிவந்தது. “லிஸ்ட்ல உன் பேர அடிச்சிடுவேன்,” என்றார்.

“அடிச்சுக்குங்க.”

சொல்லிவிட்டாள். கிடைக்காமல் போகப்போகும் மிஷினை நினைத்தால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? ஆனாலும் அவர் கையிலிருந்த புடவையை வாங்கிக்கொண்டாள். மிஷினில் உட்கார்ந்து நூல் நிறத்தைப் பார்த்துக் கோத்தாள். கிழிந்த ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, நிமிர்ந்து பார்க்காமல் தைக்க ஆரம்பித்தாள்.

க்ளிக் என்றது.

“அத ஏன்யா எடுக்கறே?” என்று கத்தினார் துரைக்கண்ணு.

“வெளிச்சம் நல்லா இருக்குது சார்,” என்றார் சனாவுல்லா.

அந்தப் படம் செய்திமடலில் வரவில்லை. மிஷினும் வரவில்லை. வேறொருத்தி முள்வேலி ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் மேல் முனியம்மாளுக்குக் கோபம் இல்லை, அவள் வீட்டில் என்ன கஷ்டமோ. முனியம்மாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணையன் கடையில் வாடகை மிஷினில் தைக்கப் போனாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் சனாவுல்லா அந்தக் கடைக்கு வந்தார். பழைய பேப்பரில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக்கிய படம். குனிந்த முகம், கனகாம்பரம், ஊசிக்குக் கீழே புடவை.

“ஸ்டுடியோ வாசக் கண்ணாடியில, எல்லாரும் பாக்கறாப்புல மாட்டலாம்னு இருக்கேன்மா. உன்னைக் கேக்காம மாட்டக் கூடாதில்ல, அதான் வந்தேன். மாட்டட்டுமா?”

முனியம்மாள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிசல் எங்கே இருந்தது என்று தேடினாள். அவள் கண்ணுக்கே அகப்படவில்லை.

“மாட்டுங்க பாய். கீழ எம்பேர எழுதுங்க. முனியம்மாள்னு மட்டும் போடாதீங்க. டைலர் முனியம்மாள்னு போடுங்க.”