இரண்டு குவளைகளும் ஒரு வண்டின் மூச்சும்

தண்ணீருக்குள் கிடந்த வண்டு ஒன்றுக்கு, அதைத் தொடாமல், மேலே வரவும் விடாமல், வெறும் இரண்டு குவளைகளை வைத்து மூச்சுக் கொடுத்தவன் நான். உலகத்தில் வேறு எவனாவது செய்திருந்தால் என்னிடம் வரட்டும்.

எல்லாம் என் மச்சினனால் வந்தது. யானை குளிக்கிற அளவுக்கு ஒரு மீன்தொட்டி வாங்கினான், மோட்டார் வைத்துக் குமிழி விடுவது. சாயங்காலமானால் போதும், என் மனைவி எதிர்வீட்டுக்குப் போய்த் தம்பியின் தொட்டி முன்னால் நாற்காலி போட்டுவிடுவாள். முப்பத்தெட்டு வருடத்தில் என் முகத்தை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு எரிந்த வயிற்றில் ஓர் ஊருக்கே சமைத்திருக்கலாம்.

மாடித் தொட்டியைக் கழுவும்போது ஒரு நீர்வண்டு சிக்கியது. கண்ணாடி ஜாடியில் விட்டு, எதிர்வீட்டுக்கே எடுத்துப் போனேன்.

"இதுக்கு மோட்டார் வேண்டாம் மாப்ளே. சிறகுக்கு அடியில காத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. பின்னால ஒட்டிட்டு இருக்கே குமிழி, அதுல பிராணவாயு குறையக் குறைய, தண்ணியில கரைஞ்சிருக்கிறது உள்ள வந்துடும்."

"கதை விடாதீங்க அத்தான். மேல வராம அஞ்சு நிமிஷம் தாங்காது."

"ரெண்டு மணி நேரம் தாங்கும்!"

"தாங்கிட்டா அக்கா இனிமே உங்க ஜாடியைப் பார்க்கட்டும். இல்லேன்னா நீங்களும் நாற்காலியோட இங்க வந்துடணும்."

"என்னை வச்சுப் பந்தயமா?" என்று மனைவி சீறினாள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வீட்டிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஜாடியில் மாற்றினேன். வண்டு மேலே வராதபடி வடிகட்டியை உள்ளே இறக்கி அழுத்தினேன். இருபது நிமிடத்தில் குமிழி கடுகாகச் சுருங்கியது. வண்டின் கால்கள் துவண்டன.

"நாற்காலி ரெடியா அத்தான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தாறு வருடம் குடிநீர் ஆய்வகத்தில் இருந்தவன் நான். காய்ச்சாத தண்ணீர் என் வீட்டில் யார் வாயிலும் படாது. அந்தப் பழக்கதோஷத்தில் வண்டுக்கும் காய்ச்சி ஆறவைத்ததையே ஊற்றியிருந்தேன். காய்ச்சினால் தண்ணீரில் கரைந்திருந்த காற்றெல்லாம் ஓடிவிடுமே!

வடிகட்டிக்கு மேலே நின்ற தண்ணீரைக் குவளையில் மொண்டேன். கூரையில் கை இடிக்கும் உயரத்திலிருந்து மறு குவளைக்கு, காற்றுக் கலந்து நுரைக்க நுரைக்க ஆற்றினேன். ஜாடியில் விட்டு மறுபடி மொண்டேன். ஆயிரம் தடவை ஆற்றியிருப்பேன். மனைவி நாற்பது என்பாள்.

"போங்காட்டம்!"

"வண்டைத் தொட்டேனாடா? வடிகட்டியை எடுத்தேனா?"

வண்டு ஒரு காலை அசைத்தது. பிறகு எல்லாக் கால்களையும் அசைத்தது. இரண்டு மணி நேரம் முடிந்து வடிகட்டியை எடுத்ததும் விறுவிறுவென்று மேலே வந்து, புதுக் காற்றுப் பிடிக்கப் பின்பக்கத்தை நீட்டியது.

மனைவி நாற்காலியை ஜாடிப் பக்கம் திருப்பிப் போட்டாள். "என்னடா தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா? நடந்துச்சா இல்லையா?"

கண்ணாடியில் மூக்கு நசுங்க அவன் வெகுநேரம் பார்த்தான்.

"நடந்துச்சுக்கா" என்றான் முனகலாக. "அந்தக் குமிழி திரும்பப் பெருசானதை நானே பார்த்தேன்."