கருவாட்டுத் தூள்

முற்றத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் கோழித் தீனிக்குக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தார். பிள்ளையார்பாளையத்தில் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் தங்கள் கண்ணையே நம்பியிருக்கமாட்டார்கள். வீரபாகு முதலியார் கையில் கருவாடா? நல்லவேளை, துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்து ஓய்ந்திருந்தார்கள். தூள் பறந்து அவர் நெற்றி விபூதியில் ஒட்டியது. துடைக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வடிவு போனதிலிருந்து எனக்கு எதுவுமே வருவதில்லை.

அந்த ஆறு வெள்ளைக் கோழிகள் வீட்டுக்கு வந்ததே எங்கள் பெண் வடிவாம்பாளுக்காகத்தான். ஏழு வயசு. நெஞ்சில் சளி கட்டி எலும்பும் தோலுமாகிவிட்டாள். தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்றார் டாக்டர். நாங்கள் சுத்த சைவம். யூனியன் ஆபீஸில் கோழி கொடுக்கிற யேசுதாஸ், சேவல் சேராத முட்டையில் உயிர் கிடையாது, அதுவும் ஒரு காய் மாதிரிதான் என்று சொல்லிச் சொல்லி இவரைச் சம்மதிக்க வைத்தார். தீனி கலக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தவிடு, உடைத்த சோளம், கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள். நூறு பங்கு தீனியில் பதினாறு பங்கு புரதம் இருந்தால்தான் கோழி ஒழுங்காக இடுமாம். முதல் நாள் கருவாட்டைத் தொட்டதும் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. பெற்ற பெண்ணுக்காக எதைத்தான் தொடமாட்டேன்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் விடவேயில்லை. இவர் குமரகோட்டம் முருகன் கோயிலுக்குப் போய், ஒரு மண்டலம் வீட்டில் மீன் வாடை இருக்காது என்று வேண்டிக்கொண்டு வந்தார். கோழிக்கும் சேர்த்து விரதம். கருவாட்டுக்குப் பதில் புண்ணாக்கைக் கூட்டிப் போடு என்றார். போட்டேன். முட்டை சிறுத்தது, அப்புறம் நின்றேவிட்டது. கடையில் நாட்டு முட்டையாவது வாங்கலாம் என்றேன். அதில் உயிர் இருக்கிறது, விரதத்தில் கூடாது என்றார். கார்த்திகையில் வடிவு போய்விட்டாள். முட்டையைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நேற்று யேசுதாஸ் வந்து கோழிகளைத் தூக்கிப் பார்த்தார். "புண்ணாக்கு மட்டும் பத்தாதும்மா. அதுல இல்லாத சத்து ஒண்ணு மீன்ல இருக்குது" என்றார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து, இது இறகு உதிர்கிற காலம்தானே, அதனாலும் நின்றிருக்கும் இல்லையா என்று அவசரமாகக் கேட்டேன். அதுவும் உண்டு என்றார். அதோடு விட்டிருக்கலாம். கருவாடு போட்டுப் பார்த்தால் எதனால் என்று தெரிந்துவிடும் என்றார். விடிந்ததும் இவர் கடைத்தெருவுக்குப் போய்க் கருவாடு வாங்கிவந்து இடிக்க உட்கார்ந்துவிட்டார்.

கோழிகளை யேசுதாஸிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். உலக்கையை நிறுத்தினார்.

"போட்டுப் பாக்கணும், மங்க. திரும்ப இட்டுச்சுன்னா, கொழந்த வாயிலருந்து நான்தான் புடுங்கிக்கினேன். எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு இன்னா பண்ணப் போறீங்க?"

மறுபடி இடிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயமாக இருந்தது. பெண்ணைப் பறிகொடுத்தாயிற்று. இந்த மனுஷனையும் பறிகொடுக்க என்னிடம் தெம்பில்லை.

அன்றிலிருந்து அவர் தறியில் உட்கார்ந்ததும் கூண்டில் கைவிட்டுப் பார்ப்பது என் வேலை. சாப்பிட வரும்போது என் முகத்தைப் பார்ப்பார். இல்லை என்பேன். இல்லாதவரை உண்மையைத்தான் சொன்னேன்.

தை பிறந்து ஒரு காலையில் வைக்கோலுக்குள் கையில் சூடு பட்டது. முழு முட்டை. வடிவுக்கு உரித்துக் கொடுத்த அதே அளவு. அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. இட்ட கோழிக்குப் புது இறகும் முழுசாக முளைத்திருந்தது. எதனால் இட்டது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் இறகைப் பற்றிச் சொன்னால் அவர் காதில் ஏறாது. முட்டையை முந்தானையில் சுருட்டிக்கொண்டேன். கிணற்றில் போட்டுவிட்டால் ஆயிற்று.

அதற்குள் அந்தக் கோழி கூண்டின்மேல் ஏறிக் கொக்கரிக்க ஆரம்பித்தது. முட்டையிட்ட கோழி சும்மா இருக்குமா? தவிட்டை இறைத்தேன், கையை ஓங்கினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. முந்தானைக்குள் முட்டை இன்னும் சூடாக இருந்தது.