பனி அறிக்கை எண் பதினான்கு

என் மாமனார் சேஷாத்ரி மூன்று மாத விசாவில் சென்னையிலிருந்து ரோவிலுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இங்கே குளிர்காலமான ஜூலையில் ஒரு சாயங்காலம் டிவி செய்தியில் மலை முழுக்கப் பனி கொட்டுவதைக் காட்டினார்கள். கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலேயே "அடேயப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த பதினோரு நாட்கள் நான் செய்த அத்தனைக்கும் ஆதாரம் அந்த ஒரு "அடேயப்பா"தான்.

"மாமா, நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள பனி கொட்டறதைக் காட்டறேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

"மூணு மணி நேரம் வண்டி ஓட்டினா பனிமலைக்கே போயிடலாமே ஜெகா" என்றாள் என் மனைவி பார்கவி. தரையில் கிடக்கும் பனியை யார் வேண்டுமானாலும் காட்டலாம். கொட்டுகிற பனியை, அதுவும் அரை மணி தூரத்தில் இருக்கும் டாண்டினாங் மலையில், வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் அது வெள்ளையாகும் அந்த வேளையைக் கணித்துக் காட்ட வேண்டும். இப்படி ஒரு ஆசை ஒரு மாப்பிள்ளைக்கு ஏன் வரவேண்டும் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை. அன்றைக்கு அது இயல்பான ஆசையாகத் தோன்றியது.

நான் ஓய்வூதிய நிதி நிறுவனம் ஒன்றில் டேட்டா அனலிஸ்ட். அதுவரை எனக்கும் வானிலைக்கும் இருந்த தொடர்பு ஒரு குடை. ஆனால் எண்களும் வண்ணப் படங்களும் எங்கே இருந்தாலும் எனக்குப் புரிந்துவிடும் என்ற நினைப்பு உண்டு. வானிலை மாடல் என்பது பெரிய கணினிகள் போடும் கணக்கு. இன்றைய காற்றையும் வெப்பத்தையும் வைத்துப் பத்து நாள் தள்ளி என்ன நடக்கும் என்று படம் போட்டுக் கொடுக்கும். இணையத்தில் எவரும் பார்க்கலாம் என்பதால் நானும் பார்த்தேன்.

அடுத்த வார சனிக்கிழமை, தெற்கிலிருந்து ஒரு குளிர்ப் புயல் வரலாம் என்பதில் எல்லா மாடலும் ஒத்துப்போயின. ஐரோப்பிய மாடல், மலையில் வெறும் மழை என்றது. அமெரிக்க மாடல், உச்சியில் நல்ல பனி என்று ஊதா நிறத்தில் காட்டியது. நான் உடனே அமெரிக்கக் கட்சியில் சேர்ந்தேன். புதுக் கணக்கு காலை எட்டு மணிக்கு வரும், மதியம் இரண்டு மணிக்கு வரும். அந்த நேரங்களில் ஆபீஸ் மீட்டிங்கில் என் கேமரா அணைந்திருக்கும். ஊதா கொஞ்சம் விரிந்தால் அன்று முழுக்க எல்லாரிடமும் அன்பாக இருப்பேன். சுருங்கினால் பார்கவி கேட்கும் கேள்விக்கெல்லாம் "தெரியாது" என்பேன்.

இதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் அறுபத்து மூன்று பேர். அதில் "பனி அறிக்கை எண் 1" என்று போட்டேன். யாரோ கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். அதன்பின் காலை ஒன்று, மாலை ஒன்று. ஐந்தாவது அறிக்கையில் "நமது மாடல்" என்று எழுதியிருக்கிறேன். ஆறாவதில், சனிக்கிழமை எங்களோடு மலைக்கு வர விரும்புகிறவர்கள் வரலாம் என்று அழைப்பே விடுத்தேன்.

புதன்கிழமை சிவசோதி போன் செய்தார். பக்கத்துப் பகுதியான நோபல் பார்க்கில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மரம் வெட்டும் கம்பெனியில் வேலை. அவர் மகளும் என் மகள் ஸ்ருதியும் ஒரே நடன வகுப்பு.

"ஜெகதீஷ், உந்தப் படத்திலை காத்து எவ்வளவெண்டு போட்டிருக்கோ?"

"காத்து முக்கியமில்ல சிவா. ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்துல டெம்பரேச்சர் என்னங்கறதுதான் விஷயமே."

"ஓம், அது உங்கடை கணக்கு. மரத்துக்கு வேறை கணக்கு. ரெண்டு கிழமையா மழை, மண் சேறாக் கிடக்கு. இதுக்கு மேலை காத்தடிச்சா வேரோடை விழும்."

"மத்தியானத்துக்குள்ள இறங்கிடுவோம்."

"அப்ப சரி. நான் சனிக்கிழமை ஓன் கோல், கூப்பிட்டா வேலைக்கு ஓடோணும், வரேலாது."

போனை வைத்துவிட்டு, பாவம், அவருக்கு மாடல் பார்க்கத் தெரியாது என்று பார்கவியிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஊதா மறைந்தது. அமெரிக்க மாடலும் ஐரோப்பாவோடு சேர்ந்து வெறும் மழை என்றது. சாயங்காலம் வானிலை நிலையம் பலத்த காற்று எச்சரிக்கை விட்டது. பார்கவி போனை என் முன்னால் நீட்டி, "இப்பவாவது சொல்லிடு ஜெகா. மழை, வேண்டாம்னு ஒரு வரி" என்றாள்.

அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்தேன். பிறகு அழித்தேன். குழுவிலிருந்து எங்களோடு வருவதாகச் சொன்ன பிரதீப்குமார் குடும்பம் குழந்தைகளுக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கியாகிவிட்டது. மாமனார் சென்னைக்குப் போன் போட்டு, "நாளைக்கு மாப்பிள்ளை பனி காட்டறார்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டார். பதினான்காம் அறிக்கை இப்படிப் போனது: "மாடல்களில் சிறு மாற்றம். வாய்ப்பு இன்னும் உள்ளது. காலை ஒன்பதுக்குக் கிளம்புகிறோம்." வாய்ப்பு உள்ளது என்று எந்த மாடலும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை இரண்டு காரில் ஒன்பது பேர் ஏறினோம். மலை மேல் ஆறு டிகிரி. மழை நேராக விழாமல் பக்கவாட்டில் அடித்தது. ஒரு பூங்காவின் கார் நிறுத்தத்தில் வண்டிகளைப் போட்டு, உள்ளேயே உட்கார்ந்து ஹாட்பேக்கிலிருந்து பொங்கல் சாப்பிட்டோம். பிரதீப்குமாரின் சின்ன மகன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்தியிருந்தான். "Dad, it's just rain" என்றாள் ஸ்ருதி. "பதினோரு மணிக்குக் குளிர்காற்று உள்ளே வரும்" என்றேன். குளிர்காற்று சொன்னபடியே பதினோரு மணிக்கு வந்தது. என் அறிக்கைகளில் பலித்தது அது ஒன்றுதான்.

உயரமான யூகலிப்டஸ் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. "கிளம்பலாம்" என்று பார்கவி சொன்னாள். உடனே வண்டியைக் கிளப்பினேன். ஐந்து நிமிடம் இறங்கியிருப்போம். எங்களுக்கு முன்னால், ஒரு கிரிக்கெட் மைதானத்தின் தூரத்தில், ஒரு மரம் அவசரமே இல்லாமல் சாய்ந்தது. முதலில் கண்ணால் பார்த்தேன், பிறகுதான் சத்தம் வந்தது. கார் தரையோடு ஒருமுறை குதித்தது. சாலை முழுக்கக் கிளையும் மண்ணும். அந்த இடத்தில் யாரும் இல்லை. நாங்கள் பொங்கலை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டிருந்தால் நாங்கள் இருந்திருப்போம்.

பிரேக்கை மிதித்தேன். ஸ்ருதி அழுதாள். பின்னால் வந்த பிரதீப்குமார் போனில், "எல்லாரும் ஓகேவா?" என்று மூன்று முறை கேட்டான். அவசர எண்ணில் கூப்பிட்டோம். மலையின் மறுபக்கச் சாலையையும் மின்கம்பி விழுந்ததால் மூடியிருக்கிறார்கள், மரங்கள் இல்லாத திறந்த இடத்தில் காருக்குள்ளேயே காத்திருங்கள் என்றார்கள். பக்கத்தில் ஒரு காய்கறிக் கடை முற்றம் இருந்தது. அங்கே நான்கு மணி நேரம் இருந்தோம்.

 ஒரு மணி நேரம் போனதும் நான் பின்னால் திரும்பி, "மாமா, மன்னிச்சிடுங்க. நீங்க ஆசைப்பட்டீங்களேன்னுதான்…" என்றேன்.

மூன்று ஸ்வெட்டருக்கும் மஃப்ளருக்கும் நடுவிலிருந்து மாமனார் என்னைப் பார்த்தார். "நானா? நான் எப்ப மாப்பிள்ளை ஆசைப்பட்டேன்?"

"டிவியில பார்த்துட்டு அடேயப்பான்னீங்களே."

"இந்தக் குளிர்ல மனுஷா எப்படி இருக்கான்னு பயந்து சொன்னேன். எனக்குக் குளிர்னாலே ஆகாது. முட்டி பிடிச்சுக்கும்."

"அப்ப ஏன் வரேன்னு சொன்னீங்க?"

"நீங்க தெனம் ரெண்டு வேளை போனை வச்சுண்டு தவிக்கறதைப் பார்த்தேன். ஒருவேளை இது இந்த ஊர் விரதமோ என்னவோ, கெடுப்பானேன்னு வந்தேன்."

பார்கவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட நான்கு பேர் ஒரு லாரியில் வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் காரைப் பார்த்து நின்று, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சிவசோதி.

"என்ன, நீங்களோ?"

"ஆமா சிவா."

"வோர்னிங் வந்தது தானே. பாத்தனீங்களோ?"

"பார்த்தேன்."

"பாத்துப் போட்டும் வந்தனீங்களோ?"

 அவர் பின்சீட்டில் ஸ்ருதியின் வீங்கிய கண்களைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. "சரி, பயப்பிடாதேங்கோ. ஒருத்தரும் இறங்க வேண்டாம். ஒரு மணித்தியாலத்திலை வழி விடுறம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரம்பச் சத்தம் தொடங்கியது. மழையில் முட்டி வரை சேற்றில் நின்று, அவர்கள் அந்த மரத்தைத் துண்டு துண்டாக நகர்த்துவதைக் காருக்குள் ஹீட்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிடச் சிறியவனாக நான் உணர்ந்தது கிடையாது. வழி திறந்ததும் மிச்சமிருந்த பொங்கலை அவர்களுக்குக் கொடுத்தோம். ஆறிப்போயிருந்தது. நின்றபடியே நால்வரும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் மன்னிப்பு எழுதினேன். எச்சரிக்கையைப் பார்த்தும் மறைத்து அழைத்துப் போனேன் என்று அப்படியே எழுதினேன். பிரதீப்குமாரின் மனைவி மட்டும் பதில் போடவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் அவர் என்னோடு பேசினார். அது நியாயம்தான்.

திங்கட்கிழமை மாமனாரை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனோம். வழியில் மாமியார் போனில் வந்தார். மாமனார் ஸ்பீக்கரில் போட்டார்.

"பனி பார்த்தேளா?"

மாமனார் ஒரு கணம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "பார்த்தேனே. கொட்டோ கொட்டுன்னு கொட்டித்து. மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு."

"எவ்வளவு உயரம் இருந்தது?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு முன்னால் குனிந்தார். "மாப்பிள்ளை, எவ்வளவுன்னு சொல்லட்டும்?"

"கணுக்கால் அளவுன்னு சொல்லுங்க மாமா" என்றேன். "அதுக்கு மேல போனா நம்ப மாட்டாங்க."